எந்தக் குளத்து ஆமை? நன்னீர் ஆமைகளின் சிற்றின எல்லையை டிஎன்ஏ கொண்டு அறிய ஒரு வழிகாட்டி

மூன்று பாலாமைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கங்கைச் சமவெளியிலிருந்து வந்தது. ஓட்டிலும் தலையிலும் மஞ்சள் புள்ளிகள். இன்னொன்று தமிழ்நாட்டுக் கண்மாய் ஒன்றில் கிடைத்தது, புள்ளி இல்லை. மூன்றாவது இலங்கைக் குளத்து ஆமை. அதற்கும் புள்ளி இல்லை. இவற்றில் எந்த இரண்டு நெருங்கிய உறவு?

கண்ணை நம்பினால், புள்ளியில்லாத இரண்டும்தான் ஒரே வகை. நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள். 2011-ல் வெளிவந்த இழைமணி (மைட்டோகாண்ட்ரியா) டிஎன்ஏ ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. கங்கையின் புள்ளி ஆமையும் தென்னிந்தியாவின் புள்ளியில்லா ஆமையும் ஒரே சிற்றினம், லிசெமிஸ் பங்டாட்டா. இலங்கை ஆமைதான் தனி, லிசெமிஸ் சிலோனென்சிஸ். பனியுகங்களில் கடல் மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்து பாக் நீரிணை தரையாகக் கிடந்த காலங்கள் உண்டு. அப்போதும் இந்த இரண்டும் கலந்து ஒன்றாகிவிடவில்லை.

இப்படிப்பட்ட கேள்விகளை எடுத்துக்கொண்டு வேலை தொடங்கும் முதுகலை மாணவர்களுக்காகவும், வனத்துறையோடு சேர்ந்து ஆமை மீட்பில் ஈடுபடும் ஆர்வலர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஆய்வகத்தில் செய்யும் வேலையைச் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். ஆமை எங்கிருந்து வந்தது என்பதை உறுதிசெய்வதற்குத்தான் அதிக உழைப்பு வேண்டும். அதனால் இந்தக் கட்டுரையில் பாதி, குழாய்க்குள் திசு போவதற்கு முன்னால் செய்யவேண்டியவற்றைப் பற்றியது.

படி 1: கேள்வியைத் தாளில் எழுதுங்கள்

"இங்கே எத்தனை சிற்றினம் இருக்கிறது?" என்று தொடங்காதீர்கள். அதற்கு எந்த மென்பொருளும் ஏதாவது ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். "காவிரி ஆமைகளும் கோதாவரி ஆமைகளும் இப்போதும் தங்களுக்குள் இனப்பெருக்கம் செய்கின்றனவா, அல்லது நெடுங்காலமாகத் தனித்தனி வழியில் போய்க்கொண்டிருக்கின்றனவா?" என்று எழுதினால் அது சோதிக்கக்கூடிய கேள்வி. அதற்குக் கீழேயே, என்ன முடிவு வந்தால் "ஒன்றுதான்" என்று ஒப்புக்கொள்வீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். முடிவு கைக்கு வந்த பிறகு மனம் தனக்குப் பிடித்த பக்கம் சாயும். புதுச் சிற்றினம் கண்டுபிடிக்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு, அதில் தவறில்லை. ஆனால் அந்த ஆசைக்கு முன்கூட்டியே ஒரு வரப்பு போட்டுவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் தொடங்குகிறவர்களுக்குக் காராமையை நான் பரிந்துரைப்பேன். மெலனோகெலிஸ் டிரிஜுகா என்ற அந்த ஒரே சிற்றினத்துக்குள், தலையின் நிறத்தையும் கோலத்தையும் உடல் அளவையும் வைத்துப் பல துணைச்சிற்றினங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. நிறத்தை வைத்துப் போட்ட கோடு டிஎன்ஏ காட்டும் கோட்டோடு பொருந்துகிறதா என்று கேட்பது அளவான, நல்ல கேள்வி.

படி 2: பழைய பெயர்களைத் தேடுங்கள்

இதைப் பலரும் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். முதலிலேயே செய்யவேண்டியது இது. ஒவ்வொரு சிற்றினப் பெயரும் ஏதோ ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கும் மூல மாதிரி ஒன்றோடு கட்டப்பட்டிருக்கிறது. அந்த ஆமை எந்த ஊரில் பிடிபட்டதோ அந்த ஊர்தான் பெயரின் சொந்த ஊர். நீங்கள் ஒரு சிற்றினத்தை இரண்டாகப் பிரித்தால், மூல மாதிரி எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்துக்குத்தான் பழைய பெயர் போகும். மற்ற பக்கத்துக்கு ஏற்கெனவே யாராவது பெயர் வைத்திருந்தால் அதுவே செல்லும். இல்லையென்றால்தான் புதுப் பெயர்.

இலங்கைப் பாலாமைக்கு 2011-ல் யாரும் புதுப் பெயர் சூட்டவில்லை. 1856-லேயே விலங்கியலாளர் கிரே வைத்த 'சிலோனென்சிஸ்' என்ற பெயர் காத்துக்கொண்டிருந்தது. வடக்கின் புள்ளி ஆமைக்கு 1980-ல் விலங்கியலாளர் வெப் வைத்த 'ஆண்டர்சோனி' என்ற துணைச்சிற்றினப் பெயர் இருக்கிறது.

மூல மாதிரி மிகப் பழையதாக இருந்தாலும் மனம் தளர வேண்டாம். சீன மென்னோட்டாமைகளின் பேரினமான பெலோடிஸ்கஸில் பல சிற்றினங்கள் இருப்பது தெரிந்தபோது, 'சைனென்சிஸ்' என்ற பெயர் எதற்கு உரியது என்ற குழப்பம் வந்தது. சுமார் 180 ஆண்டு பழைய மூல மாதிரியிலிருந்தே டிஎன்ஏ எடுத்து 2011-ல் அதைத் தீர்த்தார்கள். ஆனால் ஃபார்மலினில் ஊறிய மாதிரிகளில் இது மிகக் கடினம். உலர்ந்த எலும்பும் ஓடும் கிடைத்தால் நம்பிக்கை வைக்கலாம்.

படி 3: அனுமதி

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தாண்டிப் போக முடியாத படி இது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ஆமைகளைக் காக்கிறது. மாநிலத் தலைமை வனவுயிர்க் காப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் உயிருள்ள ஆமையைப் பிடிக்கவும் கூடாது, திசு எடுக்கவும் கூடாது. செத்துக் கிடக்கும் ஆமையின் ஓட்டுக்கும் இதே விதிதான். திசுவை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதென்றால், 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கும் ஆமை என்றால் அதற்கான ஏற்றுமதி அனுமதியும் தனியாக வேண்டும். இவை கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். எனவே முதல் நாளே விண்ணப்பம் எழுதத் தொடங்குங்கள். பிடிப்பது, இரத்தம் எடுப்பது இரண்டையும் பயிற்சி பெற்ற ஒருவரோ கால்நடை மருத்துவரோ உடனிருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

படி 4: மாதிரி எடுக்கும் இடங்கள்

இங்கேதான் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும்.

1980-களிலும் 90-களிலும் சீனாவிலிருந்து புதுப்புது ஆமைச் சிற்றினங்கள் வரிசையாக அறிவிக்கப்பட்டன. மௌரெமிஸ் ஐவர்சோனி, மௌரெமிஸ் பிரிட்சார்டி, ஒகாடியா கிளிஃபிஸ்டோமா, சகாலியா சூடோசெல்லாட்டா என்று பட்டியல் நீண்டது. விவரித்தவர்கள் கையில் இருந்தவை பெரும்பாலும் ஆமை வணிகத்தின் வழியே வந்த மாதிரிகள். இன்ன ஊர் என்று வியாபாரி சொன்னதுதான் ஆதாரம். காட்டில் போய்த் தேடியவர்களுக்கு அவை கிடைக்கவில்லை. 2001-லும் 2007-லும் வந்த மரபணு ஆய்வுகள் விடையைச் சொல்லிவிட்டன: இவை இரு வேறு சிற்றினங்கள் கலந்து பிறந்த கலப்புக் குட்டிகள். ஐவர்சோனி என்பது மஞ்சள் குளத்தாமையும் மூவரிப் பெட்டி ஆமையும் சேர்ந்து பிறந்தது. அதற்குள் அழிவின் விளிம்பில் இருக்கும் அரிய சிற்றினங்கள் என்று இவற்றின் மீது எவ்வளவோ கவலையும் பேச்சும் செலவாகியிருந்தன. ஆமை எங்கே பிடிபட்டது என்பது தெரிந்திருந்தால் தொடக்கத்திலேயே தப்பித்திருக்கலாம்.

நம் ஊரில் இதே ஆபத்து கோயில் குளத்தில் இருக்கிறது. நேர்ந்துகொண்டு விடுவார்கள், வீட்டில் வளர்த்து அலுத்தவர்கள் விடுவார்கள், மீட்டவர்களும் அருகில் இருக்கிறதென்று அங்கேயே விடுவார்கள். அந்தக் குளத்து ஆமை அந்த ஊர் ஆமை என்று எடுத்துக்கொள்ள முடியாது. மீன் சந்தையில் கிடைப்பதும் கடத்தலில் பிடிபடுவதும் அப்படியே. பிடிபட்ட ஆமைகளின் திசுவை வீசிவிட வேண்டாம். சொந்த ஊர் உறுதியான மாதிரிகளை வைத்து முதலில் ஒரு வரைபடம் செய்துவிட்டால், இந்த அனாதை ஆமைகள் எந்த ஆற்றுப்படுகையைச் சேர்ந்தவை என்று பிறகு கண்டுபிடிக்கலாம். எல்லையை வரைய அவற்றைப் பயன்படுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

குளத்து ஆமை ஒரு பெரிய செய்தியைத் தந்த கதையும் இருக்கிறது. வங்கதேசத்தின் சிட்டகாங்கில் பாயஜித் பொஸ்தாமி தர்காவின் குளத்தில் வாழும் கறுப்பு மென்னோட்டாமை, இயற்கையில் முற்றாக அழிந்து அந்த ஒரு குளத்தில் மட்டும் மிஞ்சியிருப்பதாகக் கருதப்பட்டது. அந்தக் குளத்து ஆமைகளின் டிஎன்ஏவோடு அசாமில் பிடித்த ஆமைகளின் டிஎன்ஏவை ஒப்பிட்டபோது, அந்தச் சிற்றினம் அசாமில் இயற்கையாகவே வாழ்கிறது என்பது 2007-ல் உறுதியானது. அங்கேயும் தீர்ப்புச் சொன்னது ஆற்றில் பிடித்த ஆமைதான்.

சரி, எத்தனை இடங்களில் எடுப்பது? நன்னீர் ஆமைக்கு மாவட்ட எல்லை தெரியாது, ஆற்றுப்படுகைதான் தெரியும். பாலாறு, காவிரி, வைகை, தாமிரபரணி என்று படுகைவாரியாகத் திட்டமிடுங்கள். படுகைக்கு ஐந்து முதல் பத்து ஆமைகள் இருந்தால் தொடங்கலாம். மேல்பகுதி, கீழ்ப்பகுதி இரண்டிலும் எடுங்கள். இரண்டு முனைகளில் மட்டும் எடுத்து நடுவை விட்டுவிடாதீர்கள். கன்னியாகுமரிப் பேச்சையும் வடசென்னைப் பேச்சையும் மட்டும் பதிவுசெய்து கேட்கும் வெளியூர்க்காரர் இரண்டும் வேறு மொழி என்றுகூட நினைக்கலாம். நெல்லை, மதுரை, திருச்சி, விழுப்புரம் என்று நின்று நின்று கேட்டால், பேச்சு மெல்ல மெல்ல மாறிக்கொண்டே வருவது தெரியும், நடுவில் எங்கேயும் ஒரு கோடு கிடைக்காது. தூரம் கூடக்கூட மரபு வேறுபாடும் படிப்படியாகக் கூடுவது பல உயிர்களில் இயல்பு. அதை எல்லை என்று எடுத்துக்கொள்வது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. நடுவில் இரண்டு மூன்று இடங்களில் மாதிரி இருந்தால் அது தன்னால் விலகிவிடும்.

ஒவ்வொரு ஆமைக்கும் அங்கேயே எழுத வேண்டியவை: ஜிபிஎஸ் புள்ளி, நாள், நீர்நிலையின் பெயர், எந்த ஆற்றுக்கு அந்த நீர் போகிறது, மேலோட்டின் நீள அகலம், பாலினம். மேலிருந்து, கீழிருந்து, தலைக்கு நேராக என்று மூன்று படங்களாவது எடுங்கள். "இந்தக் குளத்தில் முன்பெல்லாம் ஆமை உண்டா, யாராவது கொண்டுவந்து விட்டார்களா?" என்று அந்த ஊர்ப் பெரியவர்களையும் மீன் பிடிப்பவர்களையும் கேட்டு அதையும் எழுதுங்கள். கருவி எதுவும் சொல்லாத தகவல் அவர்களிடம் இருக்கும்.

படி 5: திசுவை எடுத்துக் காப்பது

ஆமையின் இரத்தச் சிவப்பணுக்களில் நம்முடையவைபோல் இல்லாமல் உட்கரு உண்டு. அதனால் ஓரிரு சொட்டு இரத்தமே ஏராளமான டிஎன்ஏ தரும். பாலாமை போன்றவற்றில் பின்னங்கால் விரலிடைச் சவ்வின் ஓரத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நறுக்கினாலும் போதும். சாலையில் அடிபட்டுச் செத்த ஆமை கிடைத்தால் தசையை எடுங்கள். அது எல்லாவற்றிலும் நல்லது, ஏன் என்று அடுத்த படியில் சொல்கிறேன். 95 சதவீத எத்தனாலில் போட்டுவிட்டால் பனிக்கட்டி இல்லாமலே வீடுவரை வந்து சேரும். ஒவ்வொரு ஆமைக்கும் புதுக் கத்தி, புதுக் கையுறை.

முதல் களப்பயணத்தில் குப்பிகளின் மேல் சாதாரண மார்க்கர் பேனாவால் எண் எழுதினேன். வழியில் எத்தனால் கசிந்து எழுத்தெல்லாம் கரைந்து போயிற்று. திசு நல்ல நிலையில் இருந்தது, எது எந்த ஊர் என்பதுதான் தெரியவில்லை. அவற்றில் ஒன்றைக்கூடப் பயன்படுத்த முடியவில்லை. அந்த ஆமைகளுக்குக் கொடுத்த வலி வீணானது இன்றுவரை மனதை உறுத்துகிறது. சிறிய காகிதத் துண்டில் பென்சிலால் எண் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பென்சில் எழுத்து எத்தனாலில் கரையாது.

படி 6: ஆய்வக வேலை

புரோட்டினேஸ் கே நொதியில் 56 டிகிரி வெப்பத்தில் இரவு முழுக்கத் திசுவைக் கரைத்து, கடையில் கிடைக்கும் பிரித்தெடுப்புத் தொகுப்பால் டிஎன்ஏவைப் பிரிக்கலாம். பிறகு வேண்டிய துண்டைப் பல நகல்களாகப் பெருக்கும் பிசிஆர், பிறகு அதன் எழுத்துகளைப் படிக்கும் வரிசையறிதல். எந்தத் துண்டுகளைப் படிப்பது? இழைமணியில் சைட்டோகுரோம் பி மரபணுவும் என்டி4 மரபணுவும் ஆமை ஆய்வுகளில் பரவலாக இருப்பதால், ஒப்பிட மற்ற ஆமைகளின் வரிசைகள் ஏற்கெனவே கிடைக்கும். உயிரணுவின் உட்கருவிலிருந்து (இனிக் கரு என்றே சொல்கிறேன்) ஆர்35 என்ற இன்ட்ரான், அதாவது புரதமாக மாறாத மரபணுத் துண்டு, சி-மாஸ், ராக்1 என்ற மரபணுக்கள் ஆகியவை நல்ல தொடக்கம். பணமும் துணையும் இருந்தால் மரபணுத்தொகுதி முழுக்கப் பரவியிருக்கும் ஆயிரக்கணக்கான எஸ்என்பி புள்ளிகளை, அதாவது டிஎன்ஏவில் ஓர் எழுத்து மட்டும் ஆளுக்கு ஆள் மாறும் இடங்களைப் படிக்கும் முறைக்குப் போங்கள். இப்போது எல்லைத் தகராறுகள் அங்கேதான் தீர்கின்றன.

ஆமைகளுக்கே உரிய ஒரு பொறி இங்கே இருக்கிறது. இழைமணி மரபணுக்களின் பழைய நகல்கள் சில, பரிணாமப் போக்கில் கருவின் டிஎன்ஏவுக்குள் போய் ஒட்டிக்கொண்டு செயலற்றுக் கிடக்கின்றன. ஆசியப் பெட்டி ஆமைகளில் இவை ஆய்வாளர்களை மிகவும் அலைக்கழித்தன. பிசிஆர் தவறுதலாக இந்தப் போலி நகலைப் பெருக்கிவிட்டால், வரிசைகளை ஒப்பிட்டு வரையும் உறவு மரத்தில் அந்த ஆமை மட்டும் தனிக் கிளையாக நிற்கும். புதுச் சிற்றினம் கிடைத்துவிட்டது என்று கை பரபரக்கும். இரத்தத்தில் இந்த ஆபத்து கூடுதல், ஏனென்றால் உட்கரு உள்ள இரத்த அணுவில் இழைமணியின் பங்கு குறைவு. தசையில் இழைமணி நிறைய உண்டு. தசை நல்லது என்று சொன்னது இதனால்தான்.

கண்டுபிடிப்பது எப்படி? புரதம் செய்யும் மரபணுவின் நடுவே, புரதம் இங்கே முடிகிறது என்று சொல்லும் முடிவுக் குறியீடு வந்தால் சந்தேகப்படுங்கள். வரிசையறி கருவி தரும் படத்தில் ஒரே இடத்தில் இரண்டு சிகரங்கள் மறுபடி மறுபடி தெரிந்தால் சந்தேகப்படுங்கள். அதே ஆமையின் வேறு திசுவில் வேறு வரிசை வந்தால் சந்தேகம் ஏறக்குறைய உறுதி. வேறு முன்தொடரிகளை (பிசிஆர் எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகளை) வைத்து நீளமான துண்டாகப் பெருக்கி மறுபடி பாருங்கள். அதோடு, ஒவ்வொரு வரிசையின் மூலப் படத்தையும் கண்ணால் பாருங்கள். மென்பொருள் தந்த எழுத்துகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 7: மரத்தைப் படிப்பது

மாஃப்ட் என்ற மென்பொருளில் வரிசைகளை அடுக்கி, மெகா, ஐக்யூ-ட்ரீ என்ற மென்பொருள்களில் ஒன்றில் மரம் வரையலாம், எல்லாம் இலவசம். மரத்தின் வேரைக் காட்ட வெளிக்குழு, அதாவது நீங்கள் ஆராயும் குழுவுக்கு வெளியே இருக்கும் உறவினர், வேண்டும். பாலாமைக்கு ஆப்பிரிக்காவின் மடிப்போட்டு ஆமைகளான சைக்ளானோர்பிஸும் சைக்ளோடெர்மாவும் பொருத்தமான உறவினர்கள். டிஎன்ஏ வரிசைகளின் பொதுத் தரவுத்தளமான ஜென்பேங்கிலிருந்து மற்றவர்களின் வரிசைகளை எடுக்கும்போது, பிடித்த இடம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். "செல்லப்பிராணிக் கடை" என்றோ ஒன்றுமே இல்லாமலோ இருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டு சதவீத வேறுபாடு இருந்தால் வேறு சிற்றினம் என்று சிலர் சொல்லித் தருவார்கள். ஆமைகளிடம் அந்த அளவுகோலை எடுத்துப் போகாதீர்கள். ஆமைகளின் இழைமணி டிஎன்ஏ மெதுவாக மாறுகிறது என்று 1992-லேயே மரபியலாளர் ஆவிஸும் அவர் குழுவினரும் காட்டிவிட்டார்கள். மெக்சிகோ வளைகுடாவில் சேரும் ஆறுகளில் வாழும் வரைபட ஆமைகள் ஓட்டாலும் தலைக் கோலத்தாலும் தெளிவாக வேறுபட்டவை. அவற்றில் பலவற்றின் இழைமணி வரிசைகளுக்கிடையே மிகச் சிறு வேறுபாடுதான். சதவீதத்தை மட்டும் பார்த்தால் அவற்றை ஒன்றாக்கிவிட வேண்டியிருக்கும்.

மறுபக்கமும் உண்டு. இழைமணி தாய்வழியே மட்டும் வருவது. ஒரு வீட்டின் கதையைப் பாட்டி வழி மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். கலிஃபோர்னியாவின் மேற்குக் குளத்தாமையை இழைமணி வழியே பார்த்தபோது 2005-ல் நான்கு கிளைகள் தெரிந்தன. கரு டிஎன்ஏவின் எஸ்என்பிகளை எடுத்துப் பார்த்த 2014 ஆய்வில் தெளிவாக நின்றவை இரண்டே, வடக்கில் ஒன்று, தெற்கில் ஒன்று. இன்று அவற்றையே இரு சிற்றினங்களாகக் கொள்கிறார்கள். எனவே இழைமணியும் கருவும் ஒரே கோட்டைக் காட்டுகின்றனவா என்பதைக் கட்டாயம் பாருங்கள். முரண்பட்டால், பழைய கலப்பு ஒன்று நடந்திருக்கலாம் என்று எண்ணி, இரண்டு குழுக்களும் சந்திக்கும் இடத்துக்குப் போய் இன்னும் மாதிரி எடுங்கள். பாலாமைகள் பற்றிய 2011 ஆய்வு இழைமணியை மட்டுமே சார்ந்தது என்பதையும் மனதில் வையுங்கள். அங்கே கரு டிஎன்ஏ வேலைக்கு இடம் இருக்கிறது.

படி 8: முடிவெடுப்பது

பிபிபி, ஜிஎம்ஒய்சி, ஏஎஸ்ஏபி என்று எல்லை சொல்லும் மென்பொருள்கள் பல. ஓட்டிப் பாருங்கள், ஆனால் அவை சொல்வதைத் தீர்ப்பாக எடுக்காதீர்கள். இத்தகைய முறைகள் சிற்றினத்தை மட்டும் அல்லாமல், சிற்றினத்துக்குள் இருக்கும் கிளைப்பிரிவுகளையும் பிரித்துக் காட்டிவிடும் என்று 2017-ல் வந்த ஆய்வு ஒன்று விளக்கியது. இழைமணி, கரு, உடல் வடிவம், வாழிடப் பரப்பு ஆகிய நான்கில் குறைந்தது மூன்று ஒரே கோட்டைக் காட்டினால் மட்டும் சிற்றினம் என்று எழுதுவேன். ஒன்றோ இரண்டோ மட்டும் காட்டினால் துணைச்சிற்றினம் என்றோ தனி மரபுவழி என்றோ சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

அப்படியும் கருத்து வேறுபடும். அமெரிக்காவின் முதலை ஆமையை 2014-ல் மூன்று சிற்றினங்களாகப் பிரித்தார்கள். அடுத்த ஆண்டே வேறு இருவர், சுவானி ஆற்று ஆமை தனி என்பது சரி, அப்பலாச்சிகோலா ஆமையைத் தனியாக்கச் சான்று போதாது என்று எழுதினார்கள். இப்படி மறுக்கப்படுவதை அவமானமாக நினைக்க வேண்டாம். தரவைத் திறந்து வைத்ததால்தான் மற்றவர்களால் சரிபார்க்க முடிந்தது.

இவ்வளவு கறாராக இருக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வங்கத்துச் சுந்தரவனத்திலிருந்து மலேசியா வரை ஒரே சிற்றினம் என்று எண்ணப்பட்ட ஆற்றாமை, 2008-ல் வடக்கே பட்டகூர் பாஸ்கா, தெற்கே பட்டகூர் அஃபினிஸ் என்று இரண்டாயிற்று. இரண்டுமே அழிவின் விளிம்பில் இருப்பவை, காப்பகங்களில் இனப்பெருக்கம் செய்து பாதுகாக்கப்படுபவை. எல்லை தெரியாமல் வடக்கு ஆணையும் தெற்குப் பெண்ணையும் ஒரே தொட்டியில் விட்டால், மிஞ்சியிருக்கும் சொற்ப ஆமைகளின் சந்ததி கலப்பாகிவிடும். தவறாகப் பிரித்தாலும் கேடுதான். ஒன்றாக வைத்து இனம் பெருக்கவேண்டிய ஆமைகளைத் தனித்தனியாக வைத்து, நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடக்க விட்டுவிடுவோம்.

படி 9: தரவை ஒப்படைப்பது

வரிசைகளை ஜென்பேங்கில் போடும்போது பிடித்த இடத்தையும் மாதிரி எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். அரிய ஆமை என்றால் துல்லியமான புள்ளியைப் பொதுவில் வைக்காதீர்கள், கடத்துபவர்களும் படிப்பார்கள். ஆற்றுப்படுகையின் பெயர் போதும். துல்லியமான புள்ளி அனுமதி தந்த வனத்துறையிடம் இருக்கட்டும். மீதித் திசுவையும், செத்துக் கிடைத்த ஆமையின் ஓட்டையும், படங்களையும் அங்கீகரிக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் எண்ணிட்டு ஒப்படைத்து, அந்த எண்ணைக் கட்டுரையில் குறிப்பிடுங்கள். பென்சிலால் எழுதிய அந்தக் காகிதத் துண்டும் குப்பியோடு சேர்ந்தே போகட்டும்.